கீரியும் இயந்திரமும்



இயந்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது இரும்பு. அச்சும் சில்லும், பல்லும் சங்கிலியும், எண்ணெய் மணமும் இரைச்சலும் சேர்ந்த ஒரு கடினமான பொருளையே இயந்திரம் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் உலகத்துப் பல்கலைக்கழகங்களில் வேறொரு வகையான இயந்திரம் உருவாகி வருகிறது. இறப்பர் போன்ற பொருள்களால் ஆன, எலும்பில்லாத, காற்றை ஊதினால் வளைந்தும் காற்றை இழுத்தால் இறுகியும் தொழிற்படும் மெல்லுடல் இயந்திரம் அது. உயிர்களின் உடலமைப்பைப் பார்த்து அவற்றின் உபாயங்களைக் கற்றுக்கொள்ளும் இயந்திரமும் அதுவே. இந்தத் துறையில் ஒரு மனிதர் தம் வாழ்நாளை எவ்வாறு செலவிடுகிறார், அந்த உழைப்புக்கும் நமது குடாநாட்டுக்கும் என்ன தொடர்பு என்பவற்றைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

முதலில் 'ரோபோ' என்ற சொல்லின் வரலாற்றைக் கூறிவிடுகிறேன். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் எழுதிய ஒரு நாடகத்தின் வாயிலாக உலகுக்கு அறிமுகமான சொல் அது. கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. நாடகத்தில் தோன்றிய அந்த ஊழியன் தொழிற்சாலைக்குள் நுழைய நாற்பது ஆண்டுகள் சென்றன. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தொழிற்சாலையில், 'யூனிமேட்' என்ற இயந்திரக் கை வேலைக்கு அமர்த்தப்பட்டது. அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் தொழில். அது அந்தத் தொழிலைச் செம்மையாகச் செய்ததற்குக் காரணம் யாது? எடுக்க வேண்டிய பொருள் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வடிவில், ஒரே நிறையில் அதன்முன் வந்து நின்றது. ஆகவே ஒரே அசைவைப் பிழையின்றித் திரும்பத் திரும்பச் செய்தாற் போதுமானதாயிற்று.

அதே கையைக் கோப்பாயிலோ புன்னாலைக்கட்டுவனிலோ ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அது திகைத்துப் போய்விடும். அங்கே இரண்டு செடிகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு பழம் இலைக்குப் பின்னே மறைந்திருக்கிறது. மற்றொன்று காற்றில் ஆடுகிறது. சிவந்த பழத்தைப் பறிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பச்சைக் காயையும் பூவையும் உதிர்க்கக் கூடாது. நமது தோட்டத்தில் வேலை செய்யும் பெண்மணி இதைப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே செய்துவிடுகிறார். அவருடைய விரல் பழத்தைத் தொட்டவுடன் தானே வளைந்து கொடுக்கிறது. வேண்டிய அளவு மட்டுமே அழுத்துகிறது. அந்த மெல்லிய சதையும் அதன் கீழுள்ள எலும்பும் நரம்பும் சேர்ந்து செய்யும் கணக்கை எந்த இரும்புக் கையும் எளிதிற் செய்ய முடியாது.

இந்த உண்மையை உணர்ந்தவுடன் ஆராய்ச்சியாளர்கள் உயிர்களை நோக்கித் திரும்பினார்கள். இத்தாலியில் பீசா நகரத்து ஆய்வாளர் செசிலியா லாஸ்கியும் அவருடைய குழுவினரும் ஒக்டோபஸ் என்னும் கணவாய் இனத்து உயிரை எடுத்துக்கொண்டார்கள். அதன் கைகளில் ஓர் எலும்புகூட இல்லை. ஆயினும் அது நீளும், குறுகும், இறுகும், எப்பக்கமும் வளையும். இதனினும் விந்தையானது ஒன்று உண்டு. அதன் நரம்பு உயிரணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதன் கைகளிலேயே இருக்கின்றன. மூளை கட்டளையிட, உடல் கீழ்ப்படிகிறது என்று நாம் எண்ணுகிறோம். அந்த உயிரிலோ உடலே பாதிச் சிந்தனையைச் செய்துவிடுகிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டில் வேறு சில ஆய்வாளர்கள் இதைவிட எளிய வழியொன்றைக் காட்டினார்கள். ஒரு பலூனுக்குள் கோப்பித் தூளை நிரப்பி, அதை ஒரு பொருளின்மேல் அமுக்கினார்கள். தூள் அந்தப் பொருளின் வடிவத்துக்கு ஏற்பப் பரவியது. உடனே உள்ளிருந்த காற்றை உறிஞ்சினார்கள். தூள் கல்போல் இறுகிப் பொருளைக் கௌவிக்கொண்டது. கடையில் காற்று நீக்கிக் கட்டிய கோப்பிப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விரலும் இல்லை, மூட்டும் இல்லை. ஆனால் பொருளைப் பிடிக்கும் கை பிறந்துவிட்டது.

இத்துறையில் நம் நாட்டிலிருந்து சென்று உலக அரங்கில் இடம் பெற்றவர்களுள் பேராசிரியர் திரிஷாந்த நாணயக்கார ஒருவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1996ஆம் ஆண்டில் மின்பொறியியலிற் பட்டம் பெற்று, 1998இல் முதுமாணிப் பட்டமும், 2001இல் யப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அதன்பின் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் துறையில் ஆய்வு செய்து, தாயகம் திரும்பி மொறட்டுவையிற் பணியாற்றினார். போர் முடிவுறாத காலம் அது. வடக்கின் மண்ணில் மிதிவெடிகள் பரவிக் கிடந்தன. அந்த வெடிகளையே அவர் தம் ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

மிதிவெடியைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். பல வெடிகளின் உடல் பிளாஸ்திக்கினால் ஆனது. உலோகம் மிகச் சிறிதளவே அதில் இருக்கும். உலோகத்தை உணரும் கருவியை மண்ணின்மேற் பிடித்தால், போர் நடந்த நிலத்தில் எங்கும் சிதறிக் கிடக்கும் குண்டுச் சிதறல்களுக்கும் துப்பாக்கிக் கோதுகளுக்கும் அது ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு மனிதன் முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். வெடிமருந்தின் மணத்தையோ மூக்கினால் அறியலாம். ஆனால் மனித மூக்கு அதற்குப் போதாது. நாய்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஆபிரிக்காவின் பெரிய எலியினமும் பயன்படுகிறது. அப்படிப் பழக்கப்பட்ட 'மகாவா' என்ற எலி கம்போடியாவில் ஆற்றிய சேவைக்காக 2020ஆம் ஆண்டில் பிரித்தானிய அமைப்பொன்றின் தங்கப் பதக்கம் பெற்றது.

நாணயக்காரவும் அவருடைய மாணவர்களும் தேர்ந்தெடுத்த உயிர் நமக்கெல்லாம் தெரிந்தது: கீரி. வேலியோரத்தில் ஓடி மறையும் அதே கீரிதான். ஓரிரு கிலோ நிறையே உடையது. ஆதலால் வெடியின்மேல் நடந்தாலும் அதை அமுக்கிவிடும் பாரம் அதற்கு இல்லை. மோப்ப சக்தி மிக்கது. நம் நாட்டு வெயிலுக்கும் புதருக்கும் பழகியது. வெடிமருந்தின் மணத்தை அறிந்து குறிப்புக் காட்டும்படி அதைப் பழக்கினார்கள். ஆனால் கீரி தன் போக்கில் ஓடினால் நிலத்தை ஒழுங்காகச் சோதிக்க இயலாது. ஆகவே கால்களால் நடக்கும் ஒரு ரோபோவைச் செய்து, கீரியை அதனோடு பிணைத்தார்கள். ரோபோ நேர்கோட்டில் நடத்திச் செல்லும். கீரி மோப்பம் பிடிக்கும். மனிதன் பாதுகாப்பான தூரத்தில் நின்று ரோபோவை இயக்குவான். மனிதன், விலங்கு, இயந்திரம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றிற் கட்டுண்ட இந்த முறையைப் பற்றிய ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதே காலத்தில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் றட்கிளிஃப் ஆய்வுத் தகைமை அவருக்குக் கிடைத்தது.

அதன்பின் அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரோபோவியற் பேராசிரியரானார். அங்கெல்லாம் அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பார்த்தால், கீரியைக் கட்டிய கயிறு அவரை விட்டு விலகவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. புகை சூழ்ந்த கட்டடத்திற் கண் தெரியாமல் நடக்கும் ஒருவரை, கண் தெரிந்த ஒருவர் கையிற் பிடித்த கோல் ஒன்றினால் எப்படி வழிநடத்துகிறார், அப்போது இருவருடைய தசைகளும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பது ஓர் ஆய்வு. வழுக்கும் பாறையில் மலையாட்டின் குளம்பு எவ்வாறு பிடித்து நிற்கிறது, அதன் மூட்டுகளின் இளக்கம் வழுக்கலைத் தடுக்க எவ்வளவு உதவுகிறது என்பது மற்றோர் ஆய்வு. மருத்துவ மாணவர் நோயாளியின் வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கற்கும்போது, அமுக்கும் அளவுக்கேற்ப முகத்தில் வலியைக் காட்டும் ரோபோ நோயாளி ஒன்றைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளருடன் சேர்ந்து செய்தது இன்னொன்று. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றே: உடலின் மென்மையில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது?

நேயர்களே, இவ்விடத்தில் நாம் ஒன்றை ஒளிக்காமற் பேச வேண்டும். கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்துப் பகுதியிற் போர்முனை நீண்ட காலம் நிலைத்து நின்றது. அதனால் முகமாலை உலகின் மிக நெருக்கமான வெடிவயல்களுள் ஒன்றாயிற்று. 2009இற் போர் முடிந்தது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. தென்னந்தோட்டங்களும் வீட்டு வளவுகளும் அடி அடியாக மீட்கப்பட்டன. ஆனால் அந்த மண்ணைப் பெரும்பாலும் மீட்டவை மனிதக் கைகளே. கீரியுமன்று, ரோபோவுமன்று. முகக்கவசம் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, சிறு கருவியால் மண்ணை விலக்கி விலக்கிப் பார்த்தவர்கள் நம்மூர் ஆண்களும் பெண்களுமே. அவர்களுள் போரிற் கணவனை இழந்து, குடும்பச் சுமையைத் தாமே தாங்கிய பெண்கள் பலர்.

இதை நான் அந்த ஆராய்ச்சியாளரின் குறையாகச் சொல்லவில்லை. ஆய்வுகூடத்திற் பிறக்கும் ஒரு கருத்து வயலுக்கு வந்து சேர்வதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பல கருத்துகள் வந்து சேர்வதே இல்லை. கட்டுரை வெளியாவதோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று பல்கலைக்கழகம் கணக்கிடலாம். முழந்தாளிட்டிருக்கும் பெண்ணுக்கு அது அப்போதும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியைக் குறுக்குவதற்கு யார் உழைப்பது என்பதே நம் குடாநாட்டுப் பிள்ளைகள் முன் நிற்கும் வினா. வெடிகள் ஒருநாள் தீர்ந்துவிடும். தோட்டம் தீராது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். வலிகாமத்துச் செம்மண்ணில் நம் முன்னோர் துலா மிதித்து நீர் இறைத்தார்கள். துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்தவர், கிணற்றடியிற் பட்டை பிடித்தவர், பாத்திக்குத் தண்ணீர் மாறியவர் என்று பலர் விடியுமுன்னரே சேர்ந்து உழைத்த வேலை அது. பின்பு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. முதுகு ஆறியது, யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் துலாவினால் இறைத்தபோது மனிதனின் களைப்பே கிணற்றுக்கு ஒரு காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் மழைநீர் தேங்கி நிற்பதே நமது நிலத்தடி நீர். அதன் அடியில் உப்புநீர் இருக்கிறது. அளவு மீறி இறைத்த இடங்களில் உப்பு மேலேறியது. இட்ட உரம் கரைந்து கீழிறங்கியதால், செறிந்த பயிர்ச்செய்கை நடக்கும் பகுதிகளின் கிணற்றுநீரில் நைத்திரேற்று மிகுந்தது. இயந்திரத்தை வாங்கும்போது, கிணற்றின் அடியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தவர் சிலரே.

இந்தப் பாடத்தை மனத்திற் கொண்டு வேளாண்மை ரோபோவைப் பார்ப்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வயலில் நிற்கும் சலாது இலைக்கோசைக் கண்டு, முற்றியதா என அறிந்து, வெட்டி எடுக்கும் ரோபோ ஒன்றை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அது மனிதனைவிட மெதுவாகவே வெட்டியது. மென்மையான பழங்களைப் பறிக்கும் கைகளும் பல நாடுகளிற் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவையெல்லாம் நீண்ட வரிசைகளில், பரந்த பண்ணைகளில், ஒரே பயிர் நிற்கும் நிலத்துக்காக எண்ணப்பட்டவை. நம் தோட்டமோ சில பரப்புக் காணி. ஒரு பக்கம் வெங்காயம், மறுபக்கம் மிளகாய், வரம்போரத்தில் வாழை. வெங்காயப் பாத்தியில் சில்லு வைக்க இடமில்லை. கால் வைக்கவே பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆகவே பிறநாட்டு ரோபோவை விலைக்கு வாங்கி இறக்குமதி செய்வதால் நமது காரியம் ஆகாது. நமக்கு வேண்டியது, பாத்தியை மிதிக்காமல் நடக்கும் இலேசான உடலும், வெங்காயத் தாளை முறிக்காமற் களையை மட்டும் பிடுங்கும் மெல்லிய விரலும் ஆகும். அத்தகைய விரல் ஒன்று கிடைக்குமானால், களைநாசினி தெளிப்பதைக் குறைக்கலாம். கிணற்றுக்குள் இறங்கும் நஞ்சும் குறையும்.

"அப்படியானால் களை பிடுங்கிக் கூலி பெறும் பெண்களின் கதி என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நாள் முழுவதும் குனிந்து நின்று முதுகு வலியோடு வீடு திரும்பும் அந்தத் தாய்க்கு அந்தக் கூலிதான் பிள்ளையின் பள்ளிச் செலவு. வலியை எடுத்துக்கொண்டு கூலியையும் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் அவருக்கு நன்மை செய்ததாகாது. அந்தக் கருவி யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஓர் ஊரின் கமக்காரர் சங்கமோ பெண்கள் சங்கமோ அதை வைத்திருந்து, களை பிடுங்கியவர்களே அதை இயக்கப் பழகினால், ஒரு விடை. தோட்டம் தோட்டமாக வாங்கவல்ல ஒருவர் மாத்திரம் அதை வைத்திருந்தால், வேறொரு விடை. இயந்திரம் செய்யப்படும்போதே, எவ்வளவு விலையில், யாராற் பழுதுபார்க்கத்தக்கதாக அதைச் செய்வது என்று தீர்மானிப்பவர் ஆராய்ச்சியாளர். ஆகையால் இந்த வினாவிலிருந்து அவர் ஒதுங்க முடியாது.

இத்தகைய ஆராய்ச்சி வாழ்வுக்கு நம்மிடையே முன்மாதிரி இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வடமராட்சியிற் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்ற பேராசிரியர் அழகையா துரைராசா கேம்பிரிட்ஜிற் களிமண்ணை ஆராய்ந்தார். பாரம் ஏறும்போது மென்மையான களி எவ்வாறு இளகிக் கொடுக்கிறது என்பது குறித்து ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, மண் பொறியியலில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அவர் திரும்பி வந்தார். பேராதனையிற் பொறியியற் பீடத்துக்குத் தலைமை தாங்கினார். 1988 முதல் 1994இல் தாம் மறையும் வரை, போரின் நெருப்புக்கு நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் இருந்தார். வடக்கில் ஒரு பொறியியற் பீடம் அமைய வேண்டும் என்பது அவருடைய கனவுகளுள் ஒன்று. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அருகருகே இயங்குகின்றன. ஒன்றில் இயந்திரத்தைக் கற்கிறார்கள். மற்றொன்றிற் பயிரைக் கற்கிறார்கள். நான் சொல்லிவரும் துறை இவ்விரண்டுக்கும் இடையே உள்ள முற்றத்திலேதான் பிறக்க வேண்டும்.

இந்த வழியை நாடும் மாணவருக்குச் சில வார்த்தைகள். பாதை நீண்டது. பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டு, அதன்பின் கலாநிதிப் பட்டத்துக்குச் சில ஆண்டு, அதற்குப் பின்னும் ஒப்பந்த அடிப்படையில் ஊர் ஊராக, நாடு நாடாக ஆய்வுப் பணி. நிலையான பதவி கிடைக்கும்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். கணிதம் வேண்டும், பொருள்களின் இரசாயனம் வேண்டும், விலங்கையும் தாவரத்தையும் பொறுமையோடு பார்க்கும் கண்ணும் வேண்டும். ஆனால் வேறு பல துறைகளுக்கு வேண்டிய பெரும் பொருட்செலவு இதற்குத் தொடக்கத்தில் இல்லை. ஓர் அச்சுக்குள் இறப்பர் போன்ற சிலிக்கோனை வார்த்து, உள்ளே காற்றறைகள் விட்டு, ஒரு சிறு பம்பியால் ஊதினால் மெல்லிய விரலொன்று வளைந்தெழும். அதன் செய்முறைகளை ஆய்வாளர் பலர் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். இறப்பரும் நமக்குப் புதியதன்று. 1876ஆம் ஆண்டிலேயே கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்தில் அதன் கன்றுகள் நாட்டப்பட்டுவிட்டன.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவம், கணக்கியல், அரசாங்க உத்தியோகம் என்ற மூன்று வாசல்களை மட்டுமே பிள்ளைக்குக் காட்டுவது நம் வழக்கம். அவ்வழக்கத்துக்கு நியாயம் உண்டு. நிச்சயமின்மையிலே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் நிச்சயத்தைத் தேடுவது இயல்பே. ஆயினும் வேலியோரத்துக் கீரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை, "படிக்காமல் என்ன வேடிக்கை?" என்று எப்போதும் அதட்ட வேண்டாம். அது பார்ப்பதும் ஒரு படிப்பாக இருக்கக்கூடும்.

அந்தப் பிள்ளை ஒருநாள் அறிவியல் நகருக்குச் செல்லுமானால், அதற்கு முதல் ஆராய்ச்சிப் பொருள் தூரத்தில் இல்லை. வெங்காயப் பாத்தியில் ஓர் அம்மா களை பிடுங்கும்போது எத்தனை விரல்களைப் பயன்படுத்துகிறார், எந்தப் பக்கமாக இழுக்கிறார், ஈர மண்ணில் எவ்வளவு விசை, காய்ந்த மண்ணில் எவ்வளவு விசை, பக்கத்து வெங்காயம் அசையாமல் எப்படிக் காக்கிறார் என்று அவர் அருகில் உட்கார்ந்து, அவரிடமே கேட்டு, அளந்து எழுதிவைக்கலாம். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஒரு விசைமானியும், ஒரு கொப்பியும், அந்த அம்மாவின் அனுமதியும் போதும்.